மூன்றாவது டிராக்

கேசட் பெட்டியின் மேல் அம்மா சந்தனப் பொட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகும் கை வைத்தேனே, அந்த வயதில் எனக்கு மூளை எங்கே இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பிரிக்பீல்ட்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நானும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் கிராணிதான். ஆனால் யாராவது கேட்டால் "மியூசிக் பண்றேன்" என்றுதான் சொல்வேன். பண்ணியது என்னவோ என் அறையின் மூலையில், துணி மடிக்கிற மேசை மேல்தான். ஒரு பழைய டிரம் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், அதில் எண்கள் மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு சாஃப்ட்வேர். அதை யாரோ ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். சில விநாடி ஓசையை அதற்குள் பிடித்துப் போட்டால் திரும்பத் திரும்ப அடித்துக் காட்டும். எனக்கு அது போதும், சோறு தண்ணி வேண்டாம்.

அதற்குத் துணையாகத்தான் ஒரு நாலு டிராக் ரெக்கார்டிங் மெஷினை வாங்கினேன். சாதாரண கேசட்டைப் போட்டு நான்கு ஓசைகளைத் தனித்தனியாகப் பதியலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேடர், சத்தத்தை ஏற்றி இறக்குவதற்கு. காப்பாரில் கல்யாண பேண்டில் கீபோர்டு வாசிக்கும் ஒரு அண்ணன் விற்றார். மேனுவல் தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி, கேசட் மட்டும் புதுசு போடு லா. பழசு போடாத." சத்தம் சுத்தமாக இருக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே என்ற வீம்பு.

அம்மா கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அவருக்கு ஒரே தங்கை, எனக்குச் சின்னம்மா, அங்கேயே இருந்தார். சண்டை மூண்டு கடிதம் நின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று இந்தக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கடிதம் எழுதுவதற்குப் பதில் பேசி அனுப்புவது அந்த நாளில் எங்கள் ஆட்களிடம் பழக்கம். சின்னம்மா கையெழுத்தில், ஒரு பக்கம் 'கோயில் திருவிழா, தவில்' என்றிருந்தது. மறுபக்கம் 'அக்காவுக்கு'. ஏற்கெனவே தவில் பதிந்து வைத்திருந்த பழைய கேசட்டில், காலியாக இருந்த பக்கத்தில் பேசியிருக்கிறார்.

அம்மா உடனே போட்டுக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஊரிலிருந்து எது வந்தாலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் திறப்பார்கள். முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை திறந்த கடிதத்தில்தான் தாத்தா செத்த செய்தி இருந்ததாம். அன்றிலிருந்து இந்தச் சட்டம். கேசட்டைச் சாமித் தட்டில் வைத்துச் சந்தனம் தொட்டு வைத்து, "வெள்ளிக்கிழமை கேப்பம்" என்றார் அம்மா. பதினோரு மாதம் காத்திருந்தவர், இன்னும் மூன்று நாள் காத்திருக்கத் தயாராக இருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. பேச்சுக்காக இல்லை, தவிலுக்காக. கடையில் வாங்கும் கேசட்டுகளில் தவிலுக்கு மேல் நாதஸ்வரம் ஏறி உட்கார்ந்திருக்கும். தனித் தவில் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன். சாமித் தட்டிலேயே இருக்கிறது! கடிதம் மறுபக்கம்தானே, இந்தப் பக்கத்தைக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை உடம்பு சரியில்லை என்று எம்.சி. போட்டேன். அம்மா, அப்பாவைக் கூட்டிக்கொண்டு மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போனார். அவர்கள் கேட்டைத் தாண்டியதும் கேசட்டை எடுத்து மெஷினில் போட்டேன். முதல் இரண்டு ஃபேடரையும் ஏற்றினேன். தவில் வந்தது பாருங்கள், உடம்பெல்லாம் புல்லரித்தது. அதோடு என் டிரம் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? டிரம் மெஷினை மூன்றாவது டிராக்கில் செருகி ரெக்கார்ட் அழுத்தினேன். நான்கு நிமிடம். தலையை ஆட்டிக்கொண்டே பதிந்தேன்.

அடுத்து அடிக்குரலில் பேஸ் ஓசை பதியலாம் என்று கேசட்டை ஆரம்பத்துக்கு ஓட்டி, நான்காவது ஃபேடரை ஏற்றினேன். ஹெட்ஃபோனில் ஒரு பெண் குரல். பேசுவது போலவும் இருந்தது, மூச்சை உள்ளே இழுப்பது போலவும் இருந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தேன். பட்டப்பகலில் வியர்த்துவிட்டது.

காப்பார் அண்ணனுக்குப் போன் அடித்தேன். நல்ல வேளை, வீட்டில் இருந்தார். சொன்னதும் அவர் சிரித்தார்.

"பேய் இல்லடா. அந்த மெஷினுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒண்ணும் ரெண்டும் இந்தப் பக்கம். மூணும் நாலும் மறுபக்கம், அதான் தலைகீழா கேக்குது. அதுக்குத்தானே புது கேசட் போடச் சொன்னேன்?"

"அண்ணே, மூணுல நான் ரெக்கார்ட் பண்ணிட்டேன்."

சிரிப்பு நின்றது. "மறுபக்கம் என்ன இருந்துச்சு?"

சொன்னேன். அவர் நிதானமாகச் சொன்னார். "பயப்படாத. பேச்சு நாலுல அப்படியே இருக்கும். ஆனா சாதாரண கேசட் ரேடியோவுல போட்டா ரெண்டும் சேர்ந்து கேக்கும், உன் டிரம் பின்னாலேர்ந்து முன்னால ஓடும். மூணுல ஒண்ணும் செருகாம, வெறுமனே ரெக்கார்ட் போட்டு ஓட விடு. டிரம் அழிஞ்சிடும். நாலு நிமிஷ வேலை."

நாலு நிமிடம். போனை வைக்கவும் கேட் திறக்கும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. துணிக்கடை மூடியிருந்ததாம். கேசட்டைப் பிடுங்கி, பெட்டியில் போட்டு, சந்தனம் கலையாமல் தட்டில் வைத்தேன்.

அந்த நாலு நிமிடம் எனக்குக் கிடைக்கவே இல்லை. வியாழக்கிழமை வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சாயங்காலம் வந்து, "அம்மா, கேசட் ஓடுதான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டா?" என்று கேட்டேன்.

"சாமிக்கு முன்னால வைச்சதைத் தொடாதை" என்றார் அம்மா. அதற்கு மேல் அந்தத் தட்டுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பூக் கட்டினார். போகும்போதும் வரும்போதும் கேசட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை பக்கத்தில் போனேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பதினோரு மாதம் கழித்து வந்த குரலை நான் கெடுத்துவிட்டேன். அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியமில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தாயிற்று. அப்பா ரேடியோவைக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தார். அம்மா பெட்டியில் எடுத்து வைத்திருந்த புதுச் சேலையை உடுத்தியிருந்தார், யாரோ நேரில் வருவது போல.

"அக்கா, நான்தான் கதைக்கிறன்" என்று ஆரம்பித்தார் சின்னம்மா. கரண்டும் இல்லை, பேட்டரியும் இல்லை, மூத்த மகன் சைக்கிள் மிதிக்க அந்த டைனமோவில் ரெக்கார்டர் ஓடுகிறதாம். அவன் களைத்துப்போனால் சின்னம்மாவின் குரல் கீச்சென்று ஏறும். "மிதியடா" என்று இடையில் அவனைத் திட்டுவார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மண்ணெண்ணெய் விலை, மாமரம் காய்த்தது, பள்ளிக்கூடம் திறந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். நான் பேச்சைக் கேட்கவில்லை. கேசட்டில் எவ்வளவு மிச்சம் என்று சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவில் பக்கத்தின் ஆரம்பம் என்றால் இந்தப் பக்கத்தின் கடைசி. கடைசி நாலு நிமிடம். இடது சக்கரம் மெலிந்துகொண்டே வந்தது.

வந்தது. தலைகீழாக ஓடிய என் டிரம், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஊதிப் பெருகி வந்து, தடாலென்று அறுந்தது. மறுபடி பெருகி வந்தது, அறுந்தது. சின்னம்மா அதற்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். "இஞ்ச இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அம்மா எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"செல் அடிக்கிறாங்கள்" என்றார். "கேளுங்கோ, குண்டு விழுகுது. பிரச்சினை இல்லையெண்டு பொய் சொல்லுறாள்." அப்பாவின் கையைப் பிடித்த பிடியில் அவர் வளைந்து போனார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நான் எதிர்பார்த்தது திட்டு. அடி. இதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா, அது குண்டு இல்ல. என் டிரம்மு" என்றேன். அவர் காதில் ஏறவில்லை. மூன்று முறை சொன்னேன். பிறகு கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு இருவரையும் என் அறைக்கு இழுத்துப் போனேன். சின்னம்மா பேசும் பக்கம் நேராக ஓடும்படி மெஷினில் திருப்பிப் போட்டேன். ஒரு ஃபேடரில் குரல், இன்னொன்றில் டிரம். டிரம் ஃபேடரை அம்மாவின் கண்முன்னால் அடிவரை இறக்கினேன். சத்தம் போய்விட்டது. ஏற்றினேன், வந்தது. இறக்கினேன், போய்விட்டது. புதன்கிழமை செய்த திருட்டு வேலை முழுவதையும் ஒப்பித்தேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பிறகு, "நாசமாப் போனவனே, திருப்பிப் போடு, வடிவாக் கேப்பம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. சுத்தமான குரல். "இஞ்ச இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா."

அந்த வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில், எங்கோ தூரத்தில், டம் என்று ஒன்று கேட்டது.

ஃபேடரைப் பார்த்தேன். அடியில்தான் இருந்தது. விரலால் இன்னும் அழுத்தினேன். கேசட்டில் சைக்கிள் மிதிக்கும் சத்தம் ஒரு கணம் தளர்ந்து, மறுபடி தொடர்ந்தது. சின்னம்மா குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு பேசினார். மறுபடியும், டம்.

அம்மா என்னைப் பார்த்தார். "இதுவும் உன்ர டிரம்மோ?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஓம் அம்மா" என்றேன். 'ஆமாம்' என்பதற்கு அம்மாவின் ஊர்ச் சொல் அது; பிறந்ததிலிருந்து நான் பேசியதில்லை. "இறக்கினாலும் முழுசா போகாது. கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும்."

அம்மா நெடுநேரம் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "இனிமேல் அவள் கதைக்கேக்க அடிக்காதை."

கேசட் முடிவதற்குள் அது இன்னும் இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.