திறக்காத காலி டின்கள்

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

மறுசுழற்சிக்காக மற்றவர்கள் வாசலில் வைக்கும் பைகளில் நான் அலுமினிய டின் பொறுக்குவது இந்தக் குழுவில் உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்.

இன்று பள்ளி முடிந்து வரும்போது, கோகிலா ஆன்ட்டி வீட்டுப் பைக்குப் பக்கத்தில் இரண்டு பீர் டின்கள் தனியாக நின்றன. தூக்கினேன், காலி. மிதித்தேன், நசுங்கவில்லை. அவசரத்தில் அப்படியே எடுத்து வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆன்ட்டி எங்கள் வாசலில் நின்றார். நல்லவேளை, அம்மா குளித்துக்கொண்டிருந்தார்.

"ஏய் பொண்ணு, செத்துப்போன அங்கிளுக்குப் படையல் வச்ச பீர் எங்க லா? சாமி மேடைகிட்ட வைக்கக் கூடாதுன்னு கேட் ஓரமா வச்சேன்."

"காலி டின்னுதான் எடுத்தேன் ஆன்ட்டி, சத்தியமா!"

"பொய் சொன்னா உங்கம்மாகிட்ட சொல்லிருவேன்."

டின்கள் இருந்த என் பையைத் திறந்து காட்டினேன். ஆன்ட்டி டின்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே வளையம் இழுக்கப்படவே இல்லை. எங்கேயும் ஓட்டையும் இல்லை.

"மெஷின்ல அவரு விரல் போனதுல இருந்து நான்தான் அவருக்குத் திறந்து கொடுப்பேன். இன்னிக்கு மறந்துட்டேன்," என்றார் மெதுவாக. "இருந்தும் குடிச்சிட்டாரு பாரு."

பிறகு சிரித்தார். "அம்மாகிட்ட சொல்லல. நீயே வச்சுக்க."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார்.

பை இப்போது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. சற்று முன் உள்ளே ஒரு டின் நசுங்கும் சத்தம் கேட்டது.

முழித்திருப்பவர்கள் பதில் போடுங்கள். எலிதான் என்று பொய்யாவது சொல்லுங்கள்.