நாக்குக் கட்டிய மணி

என் நோயை முதலில் கண்டுபிடித்தவர் வைத்தியர் அல்ல. துறைமுகச் சந்தியில் காவலுக்கு நின்ற ஒரு சிப்பாய்.

யுத்தம் நடந்த அந்த நாட்களில் கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போகும் வழியில் இரண்டு சென்றி (காவலரண்) இருந்தன. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அடையாள அட்டையை நீட்ட வேண்டும். அன்று காலை நான் நீட்டிய அட்டையை அவரால் வாங்க முடியவில்லை. அது அங்கும் இங்கும் ஆடியது. அவர் அட்டையை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியபடி நிற்கும் ஒரு தமிழனின் நடுங்கும் கைக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது: இயக்கத்துக்காரன், குண்டோடு வந்திருக்கிறான். என்னை ஓரமாக ஒரு மணல் மூட்டையில் இருத்தினார்கள்.

என் மனைவி சரோ பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் ரீச்சர். யாரோ போய்ச் சொல்ல, கழுத்தில் அளவு நாடாவுடன் ஓடி வந்தாள். பாதி சிங்களமும் பாதி தமிழுமாக அவள் சொன்னதை இன்றும் அப்படியே சொல்வேன்.

"மாத்தையா, இவர் இயக்கம் இல்லை. குடி. காலமை ஊத்தாட்டி இப்பிடித்தான் ஆடும்."

சிப்பாய் சிரித்துவிட்டார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. மானம் கப்பலேறியது என்பார்களே, எனக்குத் துறைமுகத்து வாசலிலேயே ஏறியது. இரண்டு மாதம் அவள்மீது கோபமாக இருந்தேன். அன்று என்னை அங்கிருந்து விடுவித்தது அந்த ஒரு வசனம்தான் என்பதை ஒப்புக்கொள்ள அதைவிடக் கூடிய காலம் எடுத்தது.

அவள் வீட்டுக்கு விடவில்லை, நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். ஈரல் வீங்கியிருந்தது. கைநரம்புகள் பழுதாகியிருந்தன. வாட்டில் (வார்டில்) மூன்றாம் நாள் விலகல் அறிகுறி (பழகிய குடி நின்றதும் உடலும் மூளையும் கொள்ளும் கொந்தளிப்பு) உச்சத்துக்கு வந்தது. படுக்கை விரிப்பில் செவ்வெறும்புகள் வரிசையாகப் போவதைக் கண்டேன். துறைமுகக் களஞ்சியத்தில் மூட்டை எண்ணும் எழுதுவினைஞன் அல்லவா, எறும்புகளை எண்ணித் தாதியிடம் கையொப்பம் கேட்டேனாம். அவரும் நல்ல மனுசி, போட்டுத் தந்தாராம்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது நாளைக்கே நிறுத்துவது என்று முடிவு செய்திருந்தால், மிகவும் சந்தோசம். ஆனால் பலகாலம் குடித்த உடம்பை வீட்டில் தனியாக இருந்து திடீரென நிறுத்த வேண்டாம், வைத்தியரிடம் போய் நிறுத்துங்கள். எறும்போடு தப்பியவன் சொல்கிறேன்.

வெளியே விடும்போது வைத்தியர் சொன்னார்: "கைக்கு மருந்து தாறன். மெல்ல மெல்லத்தான் திரும்பும், மாதக்கணக்கு எடுக்கும். ஆனா சனிக்கிழமையில குடிக்கக் கேக்கிற மனசுக்கு என்னட்ட மருந்து இல்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் நடக்குது. அங்க போங்கோ."

கூட்டம் ஒரு கோயில் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் வகுப்பு அறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் வாங்கில் (பெஞ்சில்) முழங்கால் நெஞ்சில் முட்ட, என்னோடு சேர்த்து ஏழு பேர் இருந்தோம். எல்லோரும் குடித்தவர்கள், எல்லோரும் குடிக்காமல் இருக்கப் பார்ப்பவர்கள். அங்கே ஒருவர் ஒரு பெயர் மட்டும் சொன்னால் போதும். தகப்பன் பெயர், ஊர், உத்தியோகம் எதையும் யாரும் கேட்பதில்லை.

ஆனால் பதவிகளுக்குக் குறைவில்லை. தலைவர் தங்கராசா அண்ணன், கப்பல்துறை என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வருவார், முன்பு பாரந்தூக்கி ஓட்டியவர். செயலாளர் றீட்டா மிஸ், இளைப்பாறிய மருத்துவிச்சி. கதவுத் திறப்புக்கு (சாவிக்கு) ஒருவர், தேத்தண்ணிக்கு ஒருவர், கதிரை (நாற்காலி), வாங்கு அடுக்க ஒருவர். சம்பளமும் இல்லை, மாலையும் இல்லை. என்னுடைய இரண்டாவது சனிக்கிழமை தங்கராசா அண்ணன் ஒரு பித்தளைக் கைமணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி சிவம், இனி நேரம் உங்கட பொறுப்பு. ஒராளுக்கு ஐஞ்சு நிமிசம். முடிய மணி அடிக்க வேணும்."

"அண்ணன், எனக்குக் கை நடுங்குது. ஏலாது."

"இஞ்ச நடுங்காத கையை எங்க போய்த் தேடுறது?" என்றார்.

நேரக் கணக்கு விளையாட்டல்ல. ஏழு பேரில் அந்தோனி என்பவர் குடாவுக்கு அக்கரையில், மூதூரில் இருந்து வருபவர். மீன்பிடிக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். நாலு மணிக்குக் கடைசி லோஞ்ச் (பயணிகள் படகு). இறங்குதுறையில் சோதனை முடிய அரை மணித்தியாலம் போகும். ஆகவே மூன்றேகாலுக்குக் கூட்டம் கலைய வேண்டும். நான் சேர்வதற்கு முதல் ஒருநாள் பேச்சு நீண்டு அவர் லோஞ்சைத் தவறவிட்டார். போக இடமில்லை. தெரிந்த ஒரே கதவு தவறணைக் (சாராயக்கடை) கதவு. அன்று உள்ளே போனவர் திரும்பவும் கூட்டத்துக்கு வர நாலு மாதம் எடுத்தது. தங்கராசா அண்ணன் மணியைத் தந்த அன்று றீட்டா மிஸ் இதை எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். மணியைத் தூக்கினேன், அது தன்பாட்டில் கிணுகிணுத்தது. பேசத் தொடங்கியவர் பேர் சொன்னதோடு நிறுத்திவிட்டார். அடுத்தவரும் நிறுத்தினார். பத்து நிமிடத்தில் ஏழு பேரும் பேசி முடித்துவிட்டோம். அந்தோனி அன்று இரண்டரைக்கே இறங்குதுறையில் நின்றார். மேசையில் வைத்தால் பிறகு எடுக்கும்போது கிணுங்கும், மடியில் வைத்தால் முழங்காலும் ஆடும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடிக்காமல் சிரித்து எத்தனை வருடம் என்று நினைவில்லை.

மணியை வீட்டுக்குக் கொண்டுபோய் சரோவிடம் காட்டினேன். அவள் இரண்டு நாள் மணியோடும் கதைக்கவில்லை, என்னோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அளவு நாடாவை எடுத்து மணியின் நாக்கை அளந்தாள். சிவப்புச் சீத்தைத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்து, நாக்குக்கு மாட்டி, நாடா வைத்துக் கட்டினாள். நேரம் முடியும்போது ஒரு இழுப்பு, பை கழன்று வரும். அவ்வளவுதான்.

"மணிக்காவது வாயைக் கட்டலாம்" என்றாள். அது எனக்குத்தான்.

எல்லாம் நேராகப் போனது என்று எழுதினால் பொய். மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து வரும்போது கால்கள் பழைய வழியில் திரும்பின. தவறணை வாங்கில் பையை வைத்தேன். உள்ளே மணியின் நாக்குத் துணி கழன்றிருக்க வேண்டும், மணி நீளமாக அடித்தது. பக்கத்தில் இருந்தவர், "என்ன, ஐஸ்பழம் விக்க வந்தனீங்களோ?" என்றார். தவறணையே சிரித்தது. வெட்கத்தில் எழும்பி வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். நான் குடித்தேன். ஒரு கிளாஸ். அதற்குப் பிறகுதான் எழும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை மணியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். குடிக்காமல் எண்ணிய நாட்கள் அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கின. தங்கராசா அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

"மணி பத்திரமோ?"

"ஓம்."

"அப்ப நேரத்தைப் பாருங்கோ. றீட்டா மிஸ் கதைக்கப் போறா."

கை எப்போது அடங்கியது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்லத் தெரியாது. கந்தோர் வரவேட்டில் என் கையொப்பம் நண்டு நடந்ததுபோல இருந்தது, பிறகு வாசிக்கக்கூடியதாக வந்தது. சிப்பாய் அட்டையை முதல் எத்தனிப்பிலேயே பிடித்தார். எட்டாம் மாதம் சிவப்புப் பை இல்லாமலே மணியைப் பிடிக்க முடிந்தது. இருந்தும் கூட்டத்துக்குப் பையோடுதான் கொண்டுபோனேன், பயம்.

அந்த எட்டாம் மாதத்தில்தான் குடும்பத்தவர்களைக் கூப்பிடும் நாள் வந்தது. சரோ வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள், கடைசி ஆளாகப் பேச எழும்பினாள். சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்து. அவளுக்கும் ஐந்து நிமிடம்தான்.

"எனக்கு மேடையில கதைச்சுப் பழக்கமில்லை" என்று தொடங்கினாள். "ஷெல் விழுந்த அண்டைக்கு பங்கருக்குள்ள எல்லாரும் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தவை. நான் மட்டும், இண்டைக்கு தவறணை பூட்டியிருக்கும் எண்டு சந்தோசப்பட்டனான். வெளியில சனம் சாகுது. நான் உள்ளுக்க இருந்து சந்தோசப்படுறன். அதை இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மூன்றேகால். மணி என் கையில் இருந்தது. பத்து வருடம் அவள் ஒரு வசனத்தை முடிக்க நான் விட்டதில்லை. ஒன்றில் கத்தினேன், ஒன்றில் எழும்பிப் போனேன், ஒன்றில் விழுந்து கிடந்தேன். அந்தச் சிவப்புத் துணியை அவள்தான் தைத்தாள், அதைக் கழற்றி அவளை நிறுத்த என் கை போகவில்லை. அவள் பதினேழு நிமிடம் பேசினாள்.

அவள் பேசி முடித்து வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்தோனியின் நினைவு வந்தது. நானும் அவருமாகச் சைக்கிளில் ஏறி மிதித்தோம். வழியில் சோதனை, இறங்குதுறையில் வரிசை. எங்கள் முறை வந்தபோது லோஞ்ச் குடாவின் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். ஒரு மனிதனை நாலு மாதம் விழுத்தக்கூடிய பிழையை, மணிக்கூட்டைப் பார்த்தும் நான் செய்திருந்தேன்.

"மணிக்கூட்டை நானும் பாத்தனான்" என்றார் அந்தோனி. "அந்தப் பிள்ளையை நிப்பாட்ட எனக்கும் மனம் வரேல்லை." வீதிப் பக்கம் திரும்பிச் சொன்னார்: "தவறணை இப்ப திறந்துதான் இருக்கும்."

பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த சரோவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "எங்கட வீட்டுக்கு வாங்கோ" என்றாள், கேள்வியாக அல்ல.

வெளியாள் இரவு தங்குவதானால் பொழுதுபடமுன் பொலிசில் பதிய வேண்டும். அங்கே என்னை ஏற்கெனவே தெரியும், இரண்டு தடவை என்னை வீதியிலிருந்து பொறுக்கி வந்து கிடத்திய வாங்கும் அங்கேதான் இருந்தது. தமிழ் தெரிந்த சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்து, நேராக நிற்கிறேனா என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"வந்திருக்கிறவர்ர முழுப்பேர்?"

எனக்குத் தெரியாது. எட்டு மாதம் ஒன்றாக அழுதிருக்கிறோம், சிரித்திருக்கிறோம், முழுப்பெயர் தெரியாது. அந்தோனி தன் அட்டையை எடுத்து நீட்டினார். சார்ஜன்ட் வாசித்தார்: "அந்தோனி எமில்."

"உங்கட பேர் எமிலோ? அப்ப அந்தோனி?" என்று நான் கேட்டேன்.

"அது அப்பாவின்ர பேர்" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "சுகமான பிறகு என்ர பேரைச் சொல்லுவம் எண்டு வைச்சிருந்தனான்."

"என்ன முறை?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

"தமையன் எண்டு எழுதுங்கோ" என்றாள் சரோ.

பொறுப்பாளி என்ற இடத்தில் என்னைக் கையொப்பமிடச் சொன்னார்கள். சரோவும் எமிலும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டேன். அது என் கையொப்பமாகவே இருந்தது.

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்து பல வருடம். நல்ல கதிரை ஒன்றுதான் மிச்சம், மற்றவற்றின் கால்களை உடைத்தவர் யார் என்று எழுதத் தேவையில்லை. புட்டும் மீன் குழம்பும். எமில் அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது நேற்றைய பாரை, மீன்காரன் உங்களை ஏமாத்திப்போட்டான்" என்று சொல்ல, சரோ அடுத்த சட்டியை இறக்கி வைத்துக்கொண்டு சிரித்தாள். படுக்கப் போகமுன் அவர் கதவை உள்ளால் பூட்டி, திறப்பை அவளிடம் கொடுத்தார்.

"இரண்டு பேருக்கும் சேத்து நீங்கள் வைச்சிருங்கோ, பிள்ளை."

காலை முதல் லோஞ்சுக்குப் போனோம். ஏறமுன் அவர் இரண்டு கைகளையும் பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவதுபோல நீட்டிக் காட்டினார். ஆடவில்லை. அடுத்த சனிக்கிழமை நான் மணியை மேசையில் வைத்து, பதவியை விடுகிறேன் என்றேன். அவர்தான் முதலில் எழும்பினார். "நான் எமில்" என்று தொடங்கி, அன்றைய கதையைச் சொல்லி, மணி சிவத்திடமே இருக்கட்டும் என்றார். ஒரு மாதம் தேத்தண்ணியும் ஊற்ற வேண்டும் என்ற தண்டனையோடு ஏற்றுக்கொண்டார்கள்.

குடித்த பத்து வருடத்தில் எனக்கு நினைவிருப்பது ஒரு கைப்பிடிதான். ஆனால் ஐந்து நிமிடம் எவ்வளவு பெரியது, அதற்குள் ஒரு மனிதர் எவ்வளவு சொல்லி முடிக்கலாம் என்று இப்போது தெரியும். என் கையையும் இப்போதுதான் தெரியும், முன்பு அது போத்தல் பிடிக்கும் இடம் மட்டுமே.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் குசினி (சமையலறை) வாசலில் இருந்து மணியைப் புளி போட்டு மினுக்குவேன். அதற்காகத் துணிப்பையைக் கழற்றிவைப்பேன். சரோ பக்கத்தில் இருந்து, கூட்டத்தில் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தைச் சொல்வாள். இன்னும் முடியவில்லை. சில இடங்களில் என்னால் நிமிர்ந்து அவளைப் பார்க்க முடிவதில்லை. மணி என் கையில் இருக்கும், சத்தமே வராது.