சிவப்புத் துணி கட்டிய சக்சவுல்

கடல் வற்றிப்போன தரையில், உப்பு வெள்ளை வெளேரென்று படிந்த இடத்தில், ஒரே ஒரு சக்சவுல் புதர் பருத்துச் செழித்து நின்றது. அதைக் கண்டுபிடித்தவள் சபர்குல். மொய்னாக் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவள். காற்றடித்தால் உப்புத் தூசு ஊருக்குள் வரும். மறுநாள் அவள் வார்டில் கட்டில் போதாது. அந்தப் புதர் பெருகினால் தூசு அடங்கும் என்று நம்பினாள்.

நுக்குஸ் நகர ஆய்வுக்கூடத்துப் பெரிசாத்தும் அதையே சொன்னாள். நுனித் தளிரை வெட்டிக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தால் ஒரு செடியை ஆயிரமாக்கலாம். வசந்தத்தில் வருவதாகச் சொல்லிப் போனாள். சபர்குல் புதரில் சிவப்புத் துணி கட்டினாள். நேர்ந்து கட்டிய துணியைப் பார்த்தால் யாரும் கோடரியை ஓங்க மாட்டார்கள். போதாததற்கு, அங்கே காவல் அவள் தம்பி ஜங்காபாய்.

பெரிசாத் தளிர் எடுக்க வந்த அன்று சபர்குலுக்கு வார்டில் வேலை. தம்பிதான் கூட்டிப்போய்க் காட்டினான். அடுத்த வசந்தத்தில் கன்றுகளை உப்புத் தரையில் நட்டார்கள். கோடைக்குள் ஒன்று விடாமல் கருகின.

"நீங்க குடுத்தது சாதாரணச் செடி, அக்கா. உப்பு தாங்காது," என்றாள் பெரிசாத், மரியாதை குறையாமல். அதுதான் அதிகம் சுட்டது.

சபர்குல் போய்ப் பார்த்தாள். சிவப்புத் துணி தள்ளியிருந்த மணல்மேட்டுப் புதரில் ஆடியது. பழைய இடத்தில் வெறும் அடிக்கட்டை.

நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். ஜங்காபாய் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என் மகன் கல்யாணக் கறிய நீயே மெச்சுனியேக்கா. ரெண்டாந்தரம் கேட்டு வாங்குன. சக்சவுல் நெருப்புல சுட்டாத்தான் அந்த ருசி. கடைசில கட்டை பத்தல."

"துணிய என்னடா பண்ணுன?"

"தூக்கிப் போடுவேனா? நேர்ந்துகிட்டதாச்சே! வேற செடியில பத்திரமாக் கட்டுனேன்."

"அதையேதான் அவங்களுக்கும் காட்டுனியா?"

"துணி கட்டுன செடிய கேட்டாங்க. காட்டுனேன்."

ரொட்டியைப் பிய்த்து அவள் பக்கம் நீட்டினான். அதைத் தொடாமல் எழுந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். தொடாமலே எழுந்தாள்.

மறு வசந்தத்தில் அடிக்கட்டை ஓரத்தில் பச்சையாக ஒரு முளை விட்டிருந்தது. துணி கட்டவில்லை. துருப்பிடித்த படகுத் தகடு ஒன்றை இழுத்துச் சாய்த்து மறைத்தாள்.

திரும்பும் வழியில் ஜங்காபாய் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். "எங்கக்கா போய்ட்டு வர்ற?"

"சுள்ளி பொறுக்க," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரிசாத்துக்குப் போன் போட்டாள். "இந்தத் தடவ நேரா எங்கிட்ட வா. நானே கூட்டிட்டுப் போறேன். வழியில என் தம்பி கேட்டா, கல்யாண வீட்டுக்கு வந்தேன்னு சொல்லிடு."