நீலத்துக்குள் ஒரு கட்டம்

எங்கள் அச்சகத்தில் லென்ஸ் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். டீ ஆறிப்போனால் கத்துவாள், பைண்டிங்கில் நான் ஒரு தாளைக் கசக்கினால் அதற்கும் கத்துவாள். கத்தவேண்டிய ஒரே இடத்தில் மட்டும் ஏழு வருடம் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

டிசைன் அறையிலிருந்து வரும் ஃபைலைச் சரிபார்த்து அச்சு மெஷினுக்குப் பிளேட் எடுப்பது அவள் வேலை. டிசைன் அறை முதலாளியின் மாப்பிள்ளையுடையது. மனிதர் எதைக் கண்டாலும் அடியில் மங்கலாக ஒரு நிழல் போட்டுவிடுவார். நிழல் போடட்டும், யார் வேண்டாமென்றது? ஃபைலை அச்சு நிறத்துக்கு மாற்றாமல் கம்ப்யூட்டர் திரை நிறத்திலேயே விட்டுவிடுவார். அப்படியே அச்சடித்தால் நிழல் விழும் இடத்தில் நிறம் பிசகும். அக்கா சத்தமில்லாமல் அதை மாற்றிப் பிளேட் எடுப்பாள். சொன்னால் வீட்டு மாப்பிள்ளையைக் குறை சொன்னதாகிவிடும், எதற்கு வம்பு என்பாள்.

ஒருநாள் அவள் பல் பிடுங்க லீவு போட்டாள். அன்றைக்கென்று குழந்தை சோப்பு அட்டை, யாரும் திருத்தாமலே பிளேட்டாகி, மெஷினில் ஏறியது. வெளிர்நீலப் பின்னணி, நடுவில் குழந்தை, குழந்தைக்கு அடியில் நிழல். அச்சில் நிழலைச் சுற்றி வேறொரு நீலத்தில் சதுரக் கட்டம் விழுந்தது. மெஷின்காரர் அக்காவின் கூடப்பிறந்த அண்ணன். முதல் தாளிலேயே பார்த்துவிட்டு மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். "அது எஃபெக்ட், ஓட்டுங்க" என்று பதில் வந்ததாம். எட்டாயிரம் தாள் ஓடியது.

சாயங்காலம் சோப்புக் கம்பெனிக்காரர் வந்து குதித்தார். மாப்பிள்ளை தன் திரையைக் காட்டினார். அதில் கட்டமே இல்லை. அப்படியானால் மை கலந்த மெஷின்காரர்மேல்தான் தப்பு என்று முடிவானது. இருபத்திரண்டு வருடம் மெஷின் ஓட்டியவரைக் கைகட்டி மன்னிப்புக் கேட்கவைத்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து குடோனில் தாள் அடுக்கச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கும் வெட்கமில்லை.

மறுநாள் காலை வீங்கிய கன்னத்தோடு அக்கா வந்தாள். விஷயம் கேட்டதும் தாளைப் பிடுங்கி, எப்போதும் கையோடு வைத்திருக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தாள். நேரே முதலாளி அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க சார். கட்டத்துக்கு வெளியில தனியா கலந்த நீல மை. உள்ள நாலு கலரும் புள்ளி புள்ளியா இருக்கு. நிழல் விழுந்த இடத்தை மட்டும் கம்ப்யூட்டர் நாலு கலரா உடைச்சிருக்கு. மை கூடிப்போனா தாள் முழுக்கக் கூடும், ஸ்கேல் வெச்ச மாதிரி கட்டம் கட்டாது."

முதலாளியின் கம்ப்யூட்டரிலேயே ஃபைலைத் திறந்தாள். நிழல் கலக்கும் இடத்தை அச்சு நிறத்துக்கு மாற்றி, பின்னணி நீலத்தையும் அதே நாலு கலருக்குக் கொண்டுவந்து, ஒரு மாதிரித் தாள் எடுத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டம் இருந்த சுவடே இல்லை.

முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளை ஃபைல் இத்தனை வருஷத்துல ஒருநாள்கூட தப்பினதில்லையேம்மா" என்றார்.

"தப்பாத நாளே இல்ல சார். நான் திருத்தாத நாள் நேத்து ஒண்ணுதான்."

மாப்பிள்ளைக்கு அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது, எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணன் மெஷினிலேயே இருக்கட்டும் என்று முதலாளி முனகினார். தப்பாகப் பேசிவிட்டோம் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை.

அக்கா மெஷின் அறைக்கு ஓடி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். அண்ணன் ரோலரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏழு வருஷமா உனக்குத் தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"அவர் ஃபைல் தப்பவே தப்பாதுன்னு சொல்லித்தான் நேத்து என்னை அந்த சோப்புக் கம்பெனிக்காரர் முன்னாடி கைகட்டி நிக்கவெச்சாங்க."

மெஷின் சுவிட்சைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அக்கா என்னவோ சொன்னாள். அவர் திரும்பவில்லை.