மாஸ்டரின் நடுங்காத கை

தி. நகர் பிளவுஸ் கடையில் அன்று முதலாளி இருந்தார். இஸ்திரி போடும் பாய் இருந்தார். ஹூக் தைக்கும் நான் இருந்தேன். கட்டிங் மாஸ்டர் இருந்தார்.

மாஸ்டர் ஒல்லி. கழுத்தில் எப்போதும் டேப். சாப்பிட்டதும் மாத்திரை போட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார். அவருக்கு மனசு ஒரேயடியாக ஏறி, பிறகு ஒரேயடியாக விழுகிற வியாதி. பல வருடமாக அது திரும்பவில்லை. மாத்திரையால் கை மட்டும் நடுங்கும்.

"நல்லாத்தானே இருக்கீங்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார்.

"அத்தப் போட்டுக்கினு இருக்கறதாலதான் நல்லா கீறேன், மொதலாளி." என் பக்கம் கையை நீட்டிச் சிரித்தார். "இது நடுங்குனா மாத்திரை உள்ள கீதுன்னு அர்த்தம்க்கா. நின்னாதான் பயப்படணும்."

அன்று தீபாவளி நெருக்கம். துணி குவிந்து கிடந்தது. மாஸ்டர் பாடிக்கொண்டே வெட்டினார்.

"இன்னா மாஸ்டர், கை மெஷின் கணக்கா ஓடுது!" என்றார் பாய்.

நான் கையைப் பார்த்தேன். நடுங்கவில்லை.

"மாத்திரை போட்டீங்களா மாஸ்டர்?"

"தீபாவளி வரைக்கும் நிறுத்திக்கினேன்க்கா. கோடு பாரு, எப்டிப் போவுது!"

மதியத்துக்குள் அவர் பேச்சை யாராலும் நிறுத்த முடியாமல் போனது. அவருடைய தம்பி வந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

வெட்டிய துணிகளைப் பிரித்தோம். ஒரு பிசிறு இல்லை. ஆனால் எல்லாம் ஒரே அளவு. ஐந்து வயதுக் குழந்தையின் அளவு. அவருக்குக் குழந்தை இல்லை. யாருக்காக வெட்டினார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எண்ணினோம். முப்பத்தொன்று.