அக்கா வராத நாளில் வரைந்த படகு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபச் சுவரில், இலங்கை அகதிகளோடு சேர்ந்து ஓவியம் தீட்டும் வேலையை நடத்திக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்து ரஞ்சனி அக்கா தன் வீட்டுக் கிணற்றடியையும் வாழைமரங்களையும் வரைந்திருந்தார். இந்த வேலைக்கு நிதி கொடுத்தவர் வந்து பார்த்தார்.

“இதுல அகதி எங்க? ஒரு படகு போடுங்க லா, பாக்கிறவங்களுக்குப் புரியும்.”

மறுநாள் அக்கா வரவில்லை. அவர் படத்தில் நானே ஒரு படகை வரைந்தேன். அவரைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

திரும்பி வந்து பார்த்த அக்காவின் முகம் சிவந்தது.

“தம்பி, நான் பிளேனில வந்தனான். அகதி விசாரணையிலயும் அப்பிடித்தான் சொன்னனான். இதைப் பார்த்திட்டு, நான் பொய் சொன்னனான் எண்டு விசாரிச்சவை என்ர ஃபைலை மூடினா, நீங்களே வந்து சாட்சி சொல்லப்போறியள்?”

நிதி கொடுத்தவரைப் போனில் அழைத்துக் கத்தினேன். அவரோ, “நான் சொன்னேன், சரி. வரைஞ்சது யாரு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா வெள்ளைச் சாயத்தை எடுத்துப் படகோடு கிணற்றையும் வாழையையும் சேர்த்து அழித்தார். பிறகு அவர் வரவேயில்லை. நிதி கொடுத்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். ஆனாலும், வரைந்தது யார் என்று அவர் கேட்டதற்குப் பதில் நான்தான்.