சுரங்கப்பாதையில் நின்ற தண்ணீர்

நகராட்சி அலுவலகத்தின் தரைத்தளத்தில் ஐந்து ஜன்னல்கள் இருந்தன. நான்கில் படிவம் வாங்குவார்கள், ரசீது கொடுப்பார்கள், முத்திரை குத்துவார்கள். ஐந்தாவதில் பதில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவரை எல்லாரும் விசாரணையம்மா என்றே அழைத்தார்கள்.

ஊரில் எந்த வேலை எந்த அரசுடையது என்பது அவருக்கு விரல்நுனியில் இருந்தது. தெருவிளக்குக் கம்பம் மின்வாரியத்தினுடையது, அதில் எரியும் பல்பு நகராட்சியினுடையது. பெரிய சாலை மாநில அரசின் நெடுஞ்சாலைத் துறைக்கு, அதன் ஓரத்துச் சாக்கடை நகராட்சிக்கு. தபால் நிலையத்துக்கு வெளியே சாய்ந்து நிற்கும் மரம் மத்திய அரசினுடையது. அது முறிந்து நடைபாதையில் விழுந்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து நகராட்சியினுடையது. வருகிறவர்களிடம், "அது எங்களுது இல்லைங்க" என்று சொல்லி வாயை மூடிக்கொள்ள மாட்டார். எந்த அலுவலகம், எந்த மாடி, யாரைப் பார்க்க வேண்டும், அவர் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார் என்பது வரை சொல்லித்தான் அனுப்புவார். தன்னிடம் வந்தவர் யாரும் தப்பான வாசலில் போய் நின்றதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வீட்டிலும் மூன்று அரசுகளும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. விசாரணையம்மா நகராட்சி. கணவர் மாநில அரசுப் பேருந்து ஓட்டுநர். கல்யாணம் செய்துகொள்ளாமல் அவர்களோடு இருந்த நாத்தனார் மத்திய அரசின் ரயில்வே பொறியியல் அலுவலகத்தில் தட்டச்சர். குளியலறைக் குழாய் ஒழுகினால் யார் சரிசெய்வது என்று மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சுமத்திப் பேசிச் சிரிப்பார்கள். கடைசியில் கணவர்தான் ஸ்பானரை எடுப்பார்.

அந்த ஊரை ரயில் பாதை இரண்டாகப் பிரித்திருந்தது. மேற்கே வீடுகள், கிழக்கே அரசு மருத்துவமனை. நடுவில் ஒரு சுரங்கப்பாதை. மேலே ரயில்வே பாலம், கீழே நெடுஞ்சாலைத் துறைச் சாலை, பக்கத்தில் ஒரு பம்பு அறை. மழை பெய்தால் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பம்பு ஓடி எட்டு வருஷம் ஆகியிருந்தது. அறைக் கதவின் பூட்டு துருப்பிடித்து, கதவோடு கதவாக ஒட்டிப் போயிருந்தது.

ஒவ்வொரு மழைக்கும் அடுத்த நாள் காலையில் லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் ஐந்தாவது ஜன்னலுக்கு வருவார். அறுபதைத் தாண்டியவர், நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு ஏறியவர். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. வாரம் மூன்று நாள் கிழக்குப் பக்கம் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். சுரங்கப்பாதை நிறைந்துவிட்டால் ஆட்டோக்காரர்கள் வர மாட்டார்கள். சுற்றிக்கொண்டு போக ஒன்பது கிலோமீட்டர்.

"அம்மா, அந்த பம்பு..." என்று ஆரம்பிப்பார்.

"அது ரயில்வேயோடதுங்க. பாலம் கட்டினது அவங்கதான்" என்பார் விசாரணையம்மா.

ரயில்வேயில், சாலை யாருடையதோ அவர்களிடம் கேளுங்கள் என்பார்கள். நெடுஞ்சாலைத் துறையில், மழைத்தண்ணீர் வடிகால் நகராட்சி வேலை என்பார்கள். அவர் மறுபடி ஐந்தாவது ஜன்னலுக்கு வருவார். நான்கு மழைக்காலம் இப்படியே போயிற்று. ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தவில்லை. விசாரணையம்மாவும் ஒவ்வொரு முறையும் பொறுமையாக அதே பதிலைச் சொன்னார்.

ஐந்தாவது மழைக்காலத்தில் தொடர்ந்து நான்கு நாள் கொட்டியது. லேத்துக்காரர் வரவில்லை. எட்டாம் நாள்தான் வந்தார்.

"ரெண்டு தடவை தவறிப்போச்சும்மா. மூணாம் நாள் மூச்சு விட முடியல. தண்ணிக்குள்ளயே நடந்து, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில உட்கார வச்சுத் தூக்கிட்டுப் போனோம். இப்ப வார்டுல இருக்கா."

"எப்படி இருக்காங்க?"

"பேசுறா. என்னைத் திட்டுறா. அதுவரைக்கும் பரவாயில்ல." பிறகு கேட்டார்: "அந்த பம்பு யாரோடதும்மா?"

விசாரணையம்மா வழக்கமான பதிலைச் சொன்னார். சொல்லும்போது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் பதில் தனக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. அந்த ஜன்னலில் தனக்கு முன்னால் இருந்தவர் சொன்னது அது. காகிதத்தில் எதையும் அவர் பார்த்ததில்லை.

அன்று மாலை கீரை ஆய்ந்துகொண்டே நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"பாலம் எங்களுது, தண்ணி எங்களுது இல்ல, அண்ணி" என்றாள் நாத்தனார். "பாலம் கட்டும்போதே மூணு பேரும் உட்கார்ந்து எழுதி முடிச்சாச்சு. நான்தான் தட்டச்சு பண்ணினேன். மூணு ஆபீசுக்கும் நகல் போச்சு."

"பம்பு யாருக்குன்னு எழுதியிருந்துச்சு?"

"பதினோரு வருஷம் ஆச்சு. அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருப்பாங்க? கடைசியில வரிசையா மூணு கையெழுத்து, அதுதான் ஞாபகம் இருக்கு."

மறுநாள் மதிய இடைவேளையில் விசாரணையம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் பதிவறைக்குப் போனார். பதினோரு வருஷத்துக்கு முந்தைய தபால் பதிவேட்டை எடுத்துத் தும்மிக்கொண்டே புரட்டினார். ஜன்னலுக்கு வருவதற்கு முன்னால் அவர் தபால் பிரிவில்தான் இருந்தார். பதிவேடு முழுக்க அவருடைய கையெழுத்துதான். ரயில்வேயிலிருந்து அந்தக் கடிதம் வந்த தேதி, எண், 'பொறியியல் பிரிவுக்கு' என்ற குறிப்பு, பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம், எல்லாம் இருந்தன. வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

கடிதத்தைக் கண்டுபிடிக்க மேலும் மூன்று இடைவேளைகள் ஆயின. அது சந்தைக் கட்டடப் பழுது பற்றிய ஒரு கோப்புக்குள் தவறிப் போய்க் கிடந்தது. மூன்று பத்திகள்தான். பாலத்தை ரயில்வே கட்டும். சாலையை நெடுஞ்சாலைத் துறை போடும். முதல் இரண்டு வருஷம் ஒப்பந்தக்காரர் பம்பை ஓட்டுவார். அதற்குப் பிறகு இயக்கமும் பராமரிப்பும் நகராட்சியைச் சேரும்.

விசாரணையம்மா அங்கேயே, கோப்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழுகை வரவில்லை. நான்கு மழைக்காலமும் அந்த மனிதர் எத்தனை தடவை வந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை இருபதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு முதல் மாடியிலிருந்த பொறியாளரிடம் போனார். பொறியாளர் கெட்டவர் இல்லை. வேலைக்கு ஆள் போதாமல், வருகிற புகாருக்கெல்லாம் கையைப் பிசைந்துகொண்டிருப்பவர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை எதுக்கும்மா இப்பத் தோண்டி எடுக்கிறீங்க?"

"நம்மளுதுன்னு எழுதியிருக்கு சார்."

"எழுதியிருக்கு. ஒத்துக்கிட்டா நாளைக்கே பம்பு வாங்கணும், ஆள் போடணும், காலம் முழுக்க ஓட்டணும். இருக்கிற ஆளை வச்சுக் குடிதண்ணியே விட முடியல. எடுத்த இடத்துலயே வச்சிருங்க."

"எடுத்த இடம் சந்தைக் கோப்பு சார்."

"அங்கேயே இருக்கட்டும்."

விசாரணையம்மா கீழே வந்தார். கடிதத்தைச் சந்தைக் கோப்பில் வைக்கவில்லை. அது சேர வேண்டிய சுரங்கப்பாதைக் கோப்பில் வைத்து நூலால் கட்டினார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் சாம்பாரில் உப்பு கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மழை பெய்தது. மறுநாள் காலை லேத்துக்காரர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள்.

அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் விசாரணையம்மா சொன்னார்: "அது எங்களுதுதான்."

லேத்துக்காரருக்குப் புரியவில்லை. "எது?"

"பம்பு. நாலு வருஷமா உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்கேன். தெரிஞ்சு சொல்லல. ஆனா தப்புதான்." ஒரு துண்டுத்தாளில் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி ஜன்னல் வழியாக நீட்டினார். "இந்த நம்பரைப் போட்டு நகல் வேணும்னு ரெண்டாம் ஜன்னல்ல எழுதிக் கொடுங்க. முப்பது நாளைக்குள்ள கொடுத்தாகணும். புதன்கிழமைதோறும் ஆணையர் மனு வாங்குவார். நகல் வந்ததும் அங்க போய் நீங்களே படிச்சுக் காட்டுங்க. யார்கிட்டயும் கொடுத்தனுப்பாதீங்க."

லேத்துக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். கோபப்படுவார் என்று விசாரணையம்மா எதிர்பார்த்திருந்தார். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாம் ஜன்னல்ல எத்தனை மணி வரைக்கும் வாங்குவாங்க?" என்று கேட்டார் அவர்.

"ஒரு மணி வரைக்கும்."

தலையாட்டிவிட்டு இரண்டாம் ஜன்னலுக்குப் போனார்.

நகல் இருபத்தாறாம் நாள் கிடைத்தது. புதன்கிழமை லேத்துக்காரர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆணையருக்கு முன்னால் மூன்று பத்திகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஆணையர் புதிதாக மாறுதலாகி வந்தவர். ஒரு கேள்விதான் கேட்டார், அதையும் பொறியாளரைப் பார்த்துக் கேட்டார். பன்னிரண்டாம் நாள் பூட்டை அறுத்துக் கதவைத் திறந்தார்கள். பழைய பம்பு உதவாது என்று தெரிந்தது. புதிது வந்தது. முறைக்கு ஒருவராக இரண்டு ஆட்களைப் போட்டார்கள்.

விசாரணையம்மாவுக்கு மெமோ வந்தது. அலுவலகக் கோப்பின் விவரத்தை வெளியாருக்குத் தெரிவித்தது ஏன் என்று ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும். அவர் இரண்டே வரி எழுதினார்: 'விசாரணை ஜன்னலில் வந்து விசாரித்தார். தெரிந்த பதிலைச் சொன்னேன்.'

கணவர் மெமோவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எனக்கு முப்பது வருஷத்துல பதினோரு மெமோ. உனக்கு இப்பத்தான் முதல் மெமோ. இனிமேதான் நீ அரசாங்க உத்தியோகஸ்தி."

"இதுல என்ன பெருமை?" என்றார் விசாரணையம்மா. ஆனால் அன்றைக்குச் சாம்பார் சரியாக இருந்தது.

மெமோவின் மேல் நடவடிக்கை எதுவும் வரவில்லை; கைவிட்டதாகவும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அவரைக் குப்பை லாரி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். தகரக் கூரை போட்ட அறை, டீசல் வாடை, ஓட்டுநர்களின் வருகைப் பதிவேடு. ஐந்தாவது ஜன்னலில் ஒரு இளைஞரை உட்கார வைத்தார்கள். அவர் பாதிக் கேள்விகளுக்கு முழித்தார். பழகியவர்கள் பஸ் பிடித்து லாரி நிறுத்துமிடத்துக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். ஓட்டுநர்கள் அவர்கள் உட்கார ஒரு பழைய டயரைக் கொண்டுவந்து போட்டார்கள்.

சுரங்கப்பாதையில் அதன் பிறகும் தண்ணீர் நின்றதுண்டு. மின்சாரம் போன அன்று, இலை அடைத்த அன்று. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை லேத்துக்காரர் வந்தார். டயரில் உட்காரவில்லை. அவர் சட்டையின் மேல் பட்டன் போடாமல் இருந்தது.

"முந்தாநாள் போயிட்டாம்மா" என்றார். "ஆஸ்பத்திரியிலதான். தூக்கத்துலயே."

விசாரணையம்மா எழுந்து நின்றார். வெளியே ஒரு லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர் சைகை காட்டியதும் தண்ணீரை நிறுத்தினார்கள்.

"இறப்புச் சான்றிதழ் எங்க வாங்கணும்? நகராட்சியா, ஆஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரியில நடந்ததால அவங்களே நகராட்சிக்கு எழுதி அனுப்பிருவாங்க. நீங்க அலைய வேண்டாம். வெள்ளிக்கிழமை வாக்குல சுகாதாரப் பிரிவு, ரெண்டாவது மாடி. பதினொரு மணிக்கு முன்னாடி போயிருங்க. அவங்க பேரை எழுத்துப் பிழை இல்லாம எழுதியிருக்காங்களான்னு அங்கேயே பார்த்து வாங்குங்க. அப்புறம் திருத்துறது கஷ்டம்."

லேத்துக்காரர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்தார். எழுதத் தாள் இல்லை. விசாரணையம்மா வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அவர் அதை மேசையில் வைத்து, மாடி, நேரம், கிழமை எல்லாவற்றையும் நிதானமாக எழுதினார். கடைசி வரியில் மனைவியின் பெயரை எழுதிக் காட்டினார்.

"இது சரிதானேம்மா?"

"சரியா இருக்கு" என்றார் விசாரணையம்மா.